வரும் தேதி

திட்ட மேலாண்மை மாநாட்டில் இரண்டு நாள் உட்கார்ந்ததில் இடுப்பு வலிதான் மிச்சம். போதாததற்கு எல்லோர் காதிலும் ஒரு கருவியை மாட்டி அனுப்பிவிட்டார்கள். தேதி இல்லாத வாக்கு வாக்கே இல்லை என்பதுதான் அங்கே படித்த பாடம். பக்கத்தில் யார் எதைச் செய்கிறேன் என்றாலும் கருவி உடனே தேதி கேட்கும்.

வீட்டுக்கு வந்தால் என் மனைவி தமயந்தி பெட்டியோடு வாசலில் நிற்கிறாள்.

"அக்கா வீட்டுக்கு. உங்களுக்குத்தான் ஆபீஸ் இருக்கே."

சண்டை போடக்கூட எனக்குத் தெம்பில்லை. வழிவிட்டேன். செருப்பை மாட்டியவள், அத்தனை கோபத்திலும் பழக்கம் விடாமல், "போயிட்டு வரேன்" என்றாள்.

"வரும் தேதி?" என்று என் காதிலிருந்து சத்தமாகவே கேட்டது.

அவள் திரும்பினாள். "நீங்க கேக்கறீங்களா?"

"நான் இல்ல, இது" என்று காதைக் காட்டினேன். அதை அணைக்கும் பொத்தான் எங்கே இருக்கிறதென்று தடவிக்கொண்டிருந்தேன். நான் வேறு ஏதாவது சொல்வேன் என்று அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

"அப்படின்னா, போறேன்."

இதற்குக் கருவி தேதி கேட்கவில்லை. அவள் படியிறங்கியதும், "முடிந்தது" என்றது.