எந்த நாட்டுச் சரக்கு

“மொதலாளி, எனக்கு இங்கன ஒரு வேலை போட்டுக் குடுங்க. எனக்கு ஒங்க மேல ஒரு கோவமும் இல்ல.”

அய்யம்மாள் வந்து இப்படிக் கேட்டபோது ஜெயபாண்டியால் நம்ப முடியவில்லை.

அச்சங்குளத்தில் அவருடைய பட்டாசு ஆலை வெடித்து இரண்டு வருடம்தான் ஆகிறது. அதில் அய்யம்மாளின் புருசன் சங்கிலிமுத்து கருகிப்போனான். விசாரணைக்கு வந்தவர்களிடம் ஜெயபாண்டி, “அந்தாளு யாருன்னே எனக்குத் தெரியாது. வேலி தாண்டித் திருட வந்துருப்பான்” என்று சொல்லிவிட்டார். வருகைப் பதிவேடும் தீயில் போய்விட்டது என்று எழுதிக் கொடுத்தார்.

செத்த தொழிலாளர் பட்டியலில் சங்கிலிமுத்துவின் பேர் ஏறவே இல்லை. ஊரில் அவன் திருடனானான்.

அதே ஆலையில் அவனோடு வேலை பார்த்தவள்தான் அய்யம்மாள். மறுபடியும் அதே முதலாளியிடம் அவள் போகிறாள் என்றதும் நாத்தனார் முருகேஸ்வரி தெருவில் நின்று காறித் துப்பினாள்.

“எங்கண்ணனக் களவாணின்னு சொன்னவங்கிட்டயா கைகட்டி நிக்கப் போற? சூடு சொரணை இல்ல ஒனக்கு?”

அய்யம்மாள் பஸ் ஏறினாள்.

ஜெயபாண்டிக்கு இப்போது விருதுநகரில் குடோன். தீபாவளிக்குத் தொங்கவிடும் சீரியல் செட் விளக்குகள் சீனாவிலிருந்து வந்து இறங்கும். பெட்டியில் ‘சீனாவில் தயாரானது’ என்றிருக்கும் எழுத்தின் மேல் ‘இந்தியத் தயாரிப்பு’ என்று ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அதுதான் அங்கே பெண்களுக்கு வேலை. நோட்டில் பேர் கிடையாது, வாரக் கூலி மட்டும்.

அய்யம்மாளைப்போல வேகமாக ஒட்ட ஆளில்லை. ஓரம் பிசிறாது, கீழே இருக்கும் எழுத்து தெரியாது. கூலிக்காக, அச்சங்குளம் ஆலை ஆபீஸிலிருந்து கொண்டுவந்த இரும்புப் பீரோவைத் திறக்கும் சனிக்கிழமைகளில் மட்டும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவந்து எட்டிப் பார்ப்பாள். காசுக்கு இப்படிப் பறக்கிறாளே என்று மற்றப் பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள்.

புதன்கிழமை பகலில் குடோன் வாசலில் ஜீப் நின்றது. தொழிலாளர் துறை ஆய்வாளர் பாண்டிமீனா இறங்கினார்.

நேராக ஒரு பெட்டியை எடுத்து ஸ்டிக்கரை நகத்தால் கீறினார். அடியிலிருந்து சீனா எட்டிப் பார்த்தது.

“வெளிநாட்டுச் சரக்கு விக்கிறது தப்பில்ல சார். எந்த நாட்டுல செஞ்சது, எறக்குமதி பண்ணது யாருன்னு பெட்டியில இருக்கணும். நீங்க இருந்ததையும் மறைச்சிருக்கீங்க.”

“லேபர் ஆபீஸுக்கும் ஸ்டிக்கருக்கும் என்ன மேடம் சம்பந்தம்?”

“தொழிலாளி வழக்கும் எங்க ஆபீஸ்தான், பொட்டலத்து எழுத்தும் எங்க ஆபீஸ்தான். புகார் வந்துருக்கு.”

ஜெயபாண்டிக்கு வேர்த்தது. சுற்றிலும் பார்த்தவர் அய்யம்மாளை நோக்கிக் கையை நீட்டினார்.

“இவ பண்ணுன வேலை மேடம். படிக்காத பொம்பள. நான் ஒரு ஸ்டிக்கரக் குடுத்தேன், இவ வேற ஒண்ண எடுத்து ஒட்டித் தொலச்சிட்டா.”

“நீங்கதான் ஒட்டுனீங்களாம்மா?” என்று ஆய்வாளர் கேட்டார்.

அய்யம்மாள் முந்தானையில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் துண்டை நிதானமாக உதறினாள்.

“நான் இங்கன வேலையே பாக்கலீங்கம்மா. பஸ்ஸுக்கு நிக்கையில வெயிலுக்கு ஒதுங்குனேன். இந்த ஐயா யாருன்னே எனக்குத் தெரியாது.”

பெட்டிகளுக்கு நடுவே நின்ற பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருத்திக்குச் சிரிப்புக்கூட வந்தது. புருசனைச் சொன்ன சொல்லை இவள் அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டாள்!

“இவங்க ஒங்க ஆளுன்னு ஏதாவது ரெக்கார்டு இருக்கா சார்? இல்லைன்னா ஒட்டுனது நீங்கன்னுதான் எழுதுவேன்” என்றார் ஆய்வாளர்.

ஜெயபாண்டிக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. “எஞ் சோத்தத் தின்னுட்டு என்னையவே யாருன்னு தெரியாதாம்ல!” இடுப்புச் சாவிக்கொத்தை உருவி, ஆறு மாதத்துக்கு முன் சேர்ந்த மேனேஜர்மேல் விட்டெறிந்தார். “ஏலே அன்பரசா, பீரோவத் திற! இவ கையெழுத்துப் போட்ட நோட்டு எதா இருந்தாலும் கொண்டாலே!”

பீரோவின் அடித்தட்டைக் குடைந்து, தூசி படிந்த நீள நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து அன்பரசன் ஆய்வாளர் கையில் கொடுத்தான். ஜெயபாண்டி அதன் அட்டையைக்கூடப் பார்க்கவில்லை. அவர் கண் அய்யம்மாளை எரித்துக்கொண்டிருந்தது.

ஆய்வாளர் பக்கம் புரட்டினார்.

“அய்யம்மாள்… ஆமா, இருக்கு. மாசா மாசம் கையெழுத்தும் இருக்கு.”

“பாத்தீகளா!” ஜெயபாண்டி தொடையைத் தட்டினார். “இந்த நோட்டுல பேரு இருக்குற அம்புட்டுப் பேரும் எங்க கம்பெனி ஆளுதான் மேடம். நல்லா எழுதிக்கோங்க!”

ஆய்வாளர் அதை அப்படியே எழுதினார். ஜெயபாண்டி பேனாவை வாங்கி, கீழே கையெழுத்துப் போட்டார்.

அதுவரை சுவரோரம் நின்ற அய்யம்மாள் மெல்ல நடந்து ஆய்வாளர் பக்கத்தில் வந்தாள்.

“எம் பேருக்கு மேல இருக்குற பேரையும் வாசிங்கம்மா.”