நூற்றுப் பதினேழாம் மரம்

வெள்ளைக்காரர்கள் தீவொன்றிலிருந்து கப்பலேற்றி வந்து தாவரவியல் பூங்காவில் நட்ட மரம் அது. தீவில் காடே அழிந்தபின் உலகத்தில் அந்த இனத்துக்கு அது ஒன்றுதான் மிச்சம். வண்டி நிறுத்துமிடத்துக்காக அதை வெட்டியபோது, பதிவேட்டில் நூற்றுப் பதினேழாம் எண்ணுக்கு நேரே ‘பட்டுப்போனது’ என்று எழுதியவர் பூங்காக் கண்காணிப்பாளர். கோடரி பட்ட இடமெல்லாம் பால் வடிந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான்.

அந்த இடத்தில் தார் போட்ட நாளிலிருந்து, அங்கே கூட்டுகிற அம்மா அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“சார், தெனமும் ஒரு கூடை எலை விழுது. பக்கத்துல மரமே இல்லையே?”

“காத்துல வந்திருக்கும்மா,” என்றார், கூடையைப் பார்க்காமலே.

ஒருநாள் உச்சி வெயிலில் வண்டியோடு வந்தார். மேலே வெறும் வானம். கீழே, தார்த் தரையில் வட்டமாக நிழல். அதற்குள் எல்லாரும் முண்டியடித்து வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள்.

“சார், இங்க நெழல்ல ஒரு எடம் இருக்கு, வாங்க!” என்றார் காவலாளி.

கண்காணிப்பாளர் தலை நிமிராமல் வண்டியை உருட்டிப்போய் வெயிலில் நிறுத்தினார்.