உச்சத்துச் சுரம்

அயர்லாந்தின் ஸ்லைகோ நகரில், பழைய தேவாலயத்தில் ஒத்திகை நடக்கிறது. சன்னல்களில் மழை வழிய, மதிய வெளிச்சம் வாத்தியங்களின் மேல் சாம்பல் பூசினாற்போல் கிடக்கிறது. மூன்றாம் வரிசைப் பெஞ்சில் டெர்வ்லா ஹான்ரட்டி, ஈரக் கோட்டைக்கூடக் கழற்றாமல், தன் புதிய படைப்பின் தாள்களை மடியில் விரித்து உட்கார்ந்திருக்கிறாள். முப்பது ஆண்டுகளாக இசை எழுதுகிறவள். இரண்டு குளிர்காலமாக உச்சத்து ஒலிகள் அவள் காதுக்கு எட்டுவதில்லை, யாரிடமும் சொல்லவில்லை. படைப்பு முடியும் இடம் வருகிறது. வயலின்கள் ஒவ்வொன்றாய் அடங்க, சின்னப் புல்லாங்குழல் மட்டும் மிக உயரத்தில் ஒற்றைச் சுரத்தைப் பிடித்து நிற்க வேண்டும். ஃபியாக்ரா குழலை உதட்டில் வைக்கிறான். அவன் விரல்களையே பார்த்தபடி அவள் மனதுக்குள் தாளம் எண்ணுகிறாள்.

"அருமை. இதே மெல்லிசு போதும்."

குழுவை நடத்தும் கொலம், தூக்கிய கையோடு திரும்புகிறார். "எது டெர்வ்லா?"

ஃபியாக்ரா தயங்குகிறான். "நான் இன்னும் ஊதலைங்க. குழல் சில்லுன்னு இருந்துச்சு, சும்மா மூச்சு விட்டு சூடு பண்ணிக்கிட்டிருந்தேன்."

யாரோ சிரிக்கத் தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொள்கிறார்கள். அவள் பென்சிலைத் தாளின்மேல் மெதுவாக வைக்கிறாள்.

"சரிப்பா, இப்ப ஊது," என்கிறாள். "ஆரம்பிக்கிறப்ப மட்டும் எனக்குத் தலைய ஆட்டிக் காட்டு."