மருந்துத் தண்ணி

"அந்தக் குழாயைத் தொடாதே காளியம்மா. டேங்க்ல மருந்து கலந்திருக்கு" என்று கொல்லைப்பக்கத்து வாசலிலிருந்தே குரல் கொடுத்தான் திருமுருகன்.

காளியம்மாள் நீட்டிய கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். இடுப்பிலிருந்த வெறுங்குடம் நழுவப் பார்த்தது.

"நல்லவேளை சொன்னீங்கண்ணே. வாடையே அடிக்கலியே?"

"இது புது மருந்து. வாடை வராது."

வேதாரண்யத்துக்குக் கடல் பார்க்க வருகிறவர்கள் தங்குவதற்காகத் திருமுருகன் வாங்கிய கேரவன் அது. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகலாம். உள்ளே கட்டில், அடுப்பு. அடிப்பக்கம் நூறு லிட்டர் பிடிக்கிற நல்ல தண்ணி டேங்க். வந்த கும்பல் கிளம்பியதும் வண்டியைக் கழுவி வைப்பது காளியம்மாளின் வேலை.

மற்ற வேலைகளில் அவன் முன்னே பின்னே விட்டுக்கொடுப்பான், டேங்க் விஷயத்தில் மட்டும் கிடையாது. பிளீச்சிங் பவுடர் கரைத்த மருந்துத் தண்ணி ஒரு ராத்திரி ஊறி, விடிந்ததும் மிச்சமில்லாமல் வடிந்தாக வேண்டும். ஒருதடவை அவள் மறந்துபோனதற்கு, வந்திருந்த விருந்தாளிகள் எதிரிலேயே வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டான். "ஒரு சொட்டு நின்னாலும் குடிக்கிறவன் வயிறு போயிடும். என் பேரும் போயிடும். உனக்கென்ன, போறதுக்குப் பேரா இருக்கு?" அன்றைக்கு அவள் தலைகுனிந்து நின்றதோடு சரி. அப்புறம் அவன் சொல்லும்படி வைத்ததில்லை.

முதல் நாள் ராத்திரி புயல் கரையைக் கடந்திருந்தது. கடல் உப்பளத்தைத் தாண்டித் தெருவுக்குள் வந்துவிட்டுப் போனதில், அடிபம்பு அத்தனையிலும் உப்புத் தண்ணி. சாலை நெடுக மரங்கள் விழுந்து கிடந்ததால் தண்ணீர் லாரியும் வர வழியில்லை.

"மக பச்ச ஒடம்புக்காரிண்ணே. கஞ்சி வச்சுக் குடுக்க ஒரு செம்புத் தண்ணி இல்ல. பால் சுரக்காம புள்ள கத்துது. கேரவன்ல இருக்குமேன்னு ஓடியாந்தேன்."

"இருந்தா உனக்கு இல்லாமயா? இனிமே யாரும் வரமாட்டாங்க, பூட்டி வைப்போம்னு இப்பதான் மருந்து ஊத்துனேன். என் நேரம் பாரு, என் புள்ளைக்கும் இல்லாம போச்சு." அவன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

"அதுக்கு நீங்க என்னண்ணே பண்ணுவீங்க" என்று அவளே அவனுக்கு ஆறுதல் சொன்னாள். கொல்லையில் தேங்கிய தண்ணீரில் கப்பல் விட்டுக்கொண்டிருந்த அவன் மகள் வானதியைப் பார்த்தாள். "பாப்பா இந்தப் பக்கம் வராம பாத்துக்குங்க. அதுக்கு மருந்து தெரியுமா, மாயம் தெரியுமா."

சாய்ந்து கிடந்த வேலியைத் தாண்டி, வெறுங்குடத்தோடு முழங்கால் சேற்றில் அவள் போய் மறையும்வரை பார்த்துவிட்டு, திருமுருகன் குழாயைத் திறந்தான். முதலில் இரண்டு கை அள்ளிக் குடித்தான். பிறகு குடத்தை வைத்து நிரப்பினான்.

"பாவங்க அவ. ஒரு செம்பு குடுத்தா கொறஞ்சா போயிடும்?" என்றாள் மனைவி மோகனப்பிரியா.

"இன்னைக்கு அவ வருவா, நாளைக்குத் தெருவே குடத்தோட நிக்கும். உன் மகளுக்கு எதை ஊத்துவ, உப்புத் தண்ணியையா?"

"அவ மக பிள்ளை பெத்தவங்க."

"நானா பெக்கச் சொன்னேன்?"

மோகனப்பிரியா குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

நடுராத்திரிக்கு மேல் வானதிக்கு வாந்தி ஆரம்பித்தது. கூடவே வயிற்றாலும் போனது. தேங்கிய தண்ணீரில் ஆடியபோது என்னத்தை வாயில் வைத்தாளோ, வெளுக்கும்போதே குழந்தை துவண்டு போய்விட்டாள். கண் உள்ளே போயிருந்தது, உதடு காய்ந்து வெடித்திருந்தது.

இருந்த தண்ணீரையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டியும், துடைத்தும், குடம் காலியாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடப் பாதையில்லை. வீட்டில் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிற உப்புச் சர்க்கரைப் பொட்டலம் மட்டும் இருந்தது. மோகனப்பிரியா அதைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு கத்தினாள்.

"தண்ணி கொண்டாங்க. நிக்காதீங்க, சீக்கிரம்."

திருமுருகன் செம்போடு கொல்லைக்கு ஓடிக் குழாயைத் திருகினான். கேரவனின் வயிற்றுக்குள் ஏதோ ஏப்பம் விட்டது. அவ்வளவுதான். டேங்கைத் தட்டினான். கோயில் முரசு மாதிரி அதிர்ந்தது.

கீழே மணல் கறுப்பாக நனைந்திருந்தது.

வண்டிக்கு அடியிலிருந்து காளியம்மாள் முழங்கையை ஊன்றி ஊர்ந்து வெளியே வந்தாள். ஒரு கையில் பழந்துணி, இன்னொரு கையில் டேங்கின் அடிமூடி. தூக்கமில்லாத கண்ணோடு அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

"என் மக ராத்திரி பூரா நாக்கு வறண்டு கெடந்தாண்ணே. அவளைப் பாக்கப் பாக்க எனக்குப் பாப்பா நெனப்புதான். தாகத்துல இந்தக் குழாயைத் தொறந்துட்டா என்ன ஆவும்? அதான் இருட்டோட வந்துட்டேன்."

அவன் குனிந்து ஈர மணலைத் தொட்டுப் பார்த்தான். உள்ளேயிருந்து மோகனப்பிரியா மறுபடியும் தண்ணீர் கேட்டாள்.

அவன் பயந்துவிட்டான் என்று நினைத்த காளியம்மாள், அடிமூடியைத் தூக்கிக் காட்டினாள்.

"ஒரு சொட்டு விடலண்ணே."