கருப்பியின் தண்ணீர்

தெருநாயின் சிறுநீரகத் திறன் ஐம்பது சதவீதத்துக்குக் கீழே போனால், தண்ணீர் கெட்டுவிட்டதென்று அந்தத் தெருவையே காலி செய்துவிடுவார்கள். அளவெடுக்க வந்த தவசி, அந்தத் தெருநாய் கருப்பியின் வயிற்றில் கருவியை வைத்தான். தொண்ணூற்றிரண்டு.

"பக்கத்துத் தெருவுல ஒரு நாய்கூட முப்பதத் தாண்டல. இங்க மட்டும் எப்படிக்கா?"

வாசலில் நின்ற ஜெயக்கொடி கருப்பியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கருப்பியின் சட்டியில் கேன் தண்ணீர் பளிங்காகக் கிடந்தது. வாசற்படியில் அவளுடைய சின்ன மகள் குழாய்த் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தாள். அது மஞ்சளாக இருந்தது. வீங்கியிருந்த அவள் கணுக்காலைத் தவசி விரலால் அழுத்திப் பார்த்தான். விழுந்த குழி அப்படியே நின்றது.

"அக்கா, பாப்பாவுக்கு..."

"எங்களுக்குப் போக வேற எடமில்ல தம்பி. நாயத்தான அளக்க வந்தீங்க? எழுதிக்கிட்டுப் போங்க."