புதுக் கலவையின் பக்குவம்

இருபத்தெட்டாவது வினாடியில் அடுக்களை மேடையிலிருந்த காபி இயந்திரத்தை நிறுத்தினார்.

சின்னக் கோப்பையை மனைவி கோதையின் பக்கம் நகர்த்தினார்.

"எப்படி இருக்குது?"

அவள் ஒரு மிடறு குடித்தாள்.

வெல்லப்பாகு. அதன் பின்னால் லேசாக ஆரஞ்சுத் தோல். விழுங்கிய பிறகும் நாக்கை விட்டுப் போகாத இனிப்பு.

"புளிக்குதுங்க."

அவர் தலையாட்டினார். புளித்தால் அரவை போதாது என்று, அரைக்கும் குமிழை இன்னும் நைசுக்குத் திருப்பினார்.

நாற்பது கடைகளுக்குப் போகிற புதுக் கலவை. எந்த அரவை, எத்தனை வினாடி என்று பதினொரு மணிக்குள் அவர் சொல்லியாக வேண்டும். இருபது வருடமாகக் கம்பெனியின் காபியை ருசித்துத் தீர்மானிப்பவர் அவர்தான்.

வீட்டிலும் அந்த நாக்குதான்.

கல்யாணமான மூன்றாம் நாள், அவள் அண்ணன் பார்க்க, அவள் போட்ட காபியைத் தொட்டியில் கொட்டினார். "மாடுகூடக் குடிக்காது." அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அதற்குப் பிறகு எத்தனையோ டம்ளர்கள்.

போன மாதம் காய்ச்சலில் கிடந்து எழுந்தார். அந்த வாரமே ஊசிப்போன சாம்பாரை முகம் சுளிக்காமல் சாப்பிட்டு முடித்தார்.

அவளுக்குத் தெரிந்துபோயிற்று. மூக்கும் நாக்கும் போய்விட்டன. அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவளிடமும்.

இன்று காலை, "நீயும் கொஞ்சம் பழகிக்க" என்றுதான் கூப்பிட்டார்.

அடுத்த கோப்பை இறங்க நாற்பத்தைந்து வினாடி எடுத்தது. சொட்டுச் சொட்டாக, கன்னங்கரேலென்று.

அவர் நெற்றி சுருங்கியது. கண்ணுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் புதுக் கலவை. கண்ணை நம்ப முடியாது.

அவள் குடித்தாள்.

கரி. தொண்டைவரை கசந்தது.

"இதுதாங்க. அருமையா இருக்குது."

கோப்பையை அவர் பக்கம் தள்ளினாள்.

"நீங்களும் பாருங்க."

அவர் உறிஞ்சினார். கண்களை மூடி, வாய்க்குள் சுழற்றி, விழுங்கினார். ஆபீசில் பத்துப் பேர் வாய் பார்த்து நிற்கையில் செய்வதுபோலவே.

"ம். சரியா வந்திருச்சு."

போன் அடித்தது. மேனேஜர்.

அவர் எடுக்கவில்லை. மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கோதை… நிசமாத்தான் சொல்றயா?"

அந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை. ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தாள். வயதாகியிருந்தது.

போனை எடுத்தாள். பச்சைப் பொத்தானைத் தொட்டாள்.

அவர் காதில் வைத்தாள்.