முன்வரிசை

வாவிக் காற்றில் ஜன்னல் திரை உப்பி அடங்குகிறது. பல்கலைக்கழக விரிவுரையாளர்களுக்கு ஆய்வுக்கட்டுரை ஆங்கிலம் படிப்பிக்கவென்று கனடாவிலிருந்து சம்பளமில்லாமல் வந்த நான், ஒரே கேள்வியை மூன்றாம் தடவை கேட்கிறேன்: உங்கள் ஆய்வு புதிதாக என்ன சொல்கிறது? பதினொரு விரிவுரையாளர்களும் பேனை மூடியைத் திருகுகிறார்கள். முன்வரிசையில் துறைத்தலைவர் சபாரெத்தினம் கையைக் கட்டியபடி இருக்கிறார். அவர் வாய்திறக்குமுன் மற்றவர்கள் பேசுவது இங்கே மரியாதையில்லை. அவரோ நான்கு நாளாக வாய்திறக்கவில்லை. அவருடைய ஃபோன் அடிக்கிறது, எழும்பி வெளியே போகிறார். உடனே இரண்டாம் வரிசையிலிருந்து சுலோஜனா வாவி இறாலுக்கு வரும் நோயைப் பற்றி மடமடவென்று ஆங்கிலத்தில் சொல்கிறார், பஹ்மி குறுக்கிட்டு மறுக்கிறார், பின்வரிசை சிரிக்கிறது. கதவு திறக்கிறது. சுலோஜனா பாதி வசனத்தை விழுங்குகிறார். "இவங்களுக்கு இங்கிலிஷ் காணாது மிஸ்," என்கிறார் சபாரெத்தினம், "அதான் ஒருத்தரும் கதைக்காங்க இல்ல." ஓமென்று முதலில் ஆடுவது சுலோஜனாவின் தலை.